தனுஷ்கோடியில் எடுத்த படம்

பயணம் செல்வோர் இன்று புகைப்படக் கருவி இல்லாமல் செல்வதில்லை. கைப்பேசியே கருவியாகிவிட்டதால், மலையும் கடலும் கோட்டையும் கோபுரமும் ஆயிரக்கணக்கில் நம் வீடுகளுக்கு வந்து சேருகின்றன. 36 படங்களுக்கு மேல் எடுக்க இயலாத ஒரு படச்சுருளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுத்த காலத்தைச் சேர்ந்தவன் நான். அவ்வாறு எடுத்த படம் ஒன்று இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பார்த்தவர் அனைவரும் அதனைப் பாராட்டியிருக்கின்றனர். அதிலுள்ள குறை எனக்கு மட்டுமே தெரியும். அதனை வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லதெனத் தோன்றுகிறது.

அப்படம் 1997ஆம் ஆண்டு மே மாதம் தனுஷ்கோடியில் எடுக்கப்பட்டது. அப்போது நான் குருமட மாணவன். விடுமுறையில் நண்பர் ஒருவரின் புகைப்படக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு இராமேசுவரம் சென்றேன். பேருந்து மூன்றாம் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் சாலை இல்லை. மீன் ஏற்றும் வண்டியில் தொற்றிக்கொண்டு, ஈர மணலிலும் முழங்கால் நீரிலும் குலுங்கிக் குலுங்கிச் செல்ல வேண்டும்.

அலை கொண்ட ஊர்

தனுஷ்கோடி ஒரு காலத்தில் பெயர் பெற்ற துறைமுகம். 1914ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் இரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, அங்குக் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மறுபடியும் இரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். ‘போட் மெயில்’ என்று அதனை நம் பெரியவர்கள் அழைத்தனர். இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மருத்துவமனை, ஆலயம் என அனைத்தும் அவ்வூரில் இருந்தன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயலொன்று கடலை ஊருக்குள் கொண்டுவந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலை, நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்னரே அலை விழுங்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். ஆனால் தனுஷ்கோடிக்கு இரயில் மீண்டும் ஓடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அவ்வூரை அறிவித்தது.

ஆயினும் மீனவர்கள் திரும்பி வந்தனர். வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே சீற்றம் மிகுந்த ஆண்கடல், நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. அதில் ஓலைக் குடிசைகளைக் கட்டிக்கொண்டு கரைவலை இழுத்து வாழத் தலைப்பட்டனர். இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த அவ்விடத்தில், மணலைச் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுகிறது! மணலில் இறங்கிய மழைநீர், தன்னினும் கனமான உப்புநீரின்மேல் தங்கி நிற்பதே இதற்குக் காரணம். ஆழமாகத் தோண்டினால் நீர் கரித்துவிடும் என்பதால், பெண்கள் பொறுமையாகச் சிறு ஊற்றுகளிலிருந்து அகப்பை அகப்பையாய் முகந்து குடத்தை நிரப்புவர்.

ஓரத்தில் ஒரு கூடை

இடிந்த ஆலயத்தை நான் கண்டபோது முற்பகல் வேளை. கூரை இல்லை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளக் கற்கள் புண்போல் வெளித்தெரிந்தன. பீடம் இருந்த பக்கத்துச் சுவர் மட்டும் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பின்னே வானமும் மணலும். நல்ல படம் அமையும் எனக் கண்டேன். ஆனால் சுவரின் நிழலில் கருவாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு வயது முதிர்ந்த ஓர் அம்மா அமர்ந்திருந்தார்.

“அம்மா, படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் அப்பால் போகிறீர்களா?” என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து விலகி நின்றார். நான் எடுத்து முடித்தபின் மெதுவாகக் கேட்டார்:

“ஆளில்லாத கோயிலாத்தான் வேணுமா தம்பி?”

அக்கேள்வியில் கோபமில்லை. பின்னர் அவரே சொன்னார்: “இந்தக் கோயில்லதான் எனக்குத் தாலி கட்டுனாங்க. புயலடிச்ச அன்னைக்குப் பிள்ளைங்க எல்லாம் கிறிஸ்துமசுக்குக் குடில் சோடிச்சுக்கிட்டிருந்துச்சுங்க.” அப்பிள்ளைகள் என்ன ஆயினர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

படச்சுருளில் இன்னும் நான்கு படங்கள் எஞ்சியிருந்தன. அவற்றை நிலம் முடிந்து இருகடலும் கூடும் அரிச்சல்முனைக்கென வைத்துக்கொண்டு, வண்டிக்காரர் அழைக்கவே விடைபெற்றேன். அவ்வம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த நான்கு படங்களும் சாம்பல் பூத்தாற்போல் மங்கி வந்தன. எந்தக் கடற்கரையிலும் எடுத்திருக்கக்கூடிய படங்கள்தாம் அவை. ஆலயத்தின் படமோ அழகாக அமைந்துவிட்டது. உற்றுப் பார்த்தால், வலப்புற ஓரத்தில் அவருடைய கூடையின் விளிம்பு மட்டும் தெரியும்.

மீண்டும் சென்றபோது

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் பங்கின் இளையோருடன் அங்கு மறுபடியும் சென்றேன். 2017இல் திறக்கப்பட்ட தார்ச்சாலையில் எங்கள் பேருந்து தடையின்றி அரிச்சல்முனைவரை சென்றது. திரும்பும் வழியில் ஆலயத்தின் முன் இறங்கினோம். எங்கும் மக்கள் கூட்டம், எங்கும் கைப்பேசிகள். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தைத் தேடி நின்றேன். படத்தில் நிமிர்ந்து நின்ற சுவரின் ஒரு பகுதி இப்போது இல்லை. அந்த ஒருவகையில் என் படம் பயனுள்ள சாட்சிதான்.

சாலையோரம் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு சகோதரியிடம் அப்படத்தைக் காட்டி, அக்கூடைக்குரியவர் யாரெனத் தெரியுமா என வினவினேன். நெடுநேரம் பார்த்தார்.

“எங்க அம்மாவும் அப்ப இங்கதான் கருவாடு வித்தாங்க சாமி. அவங்களா இருக்கலாம். எல்லார் கூடையும் ஒரே மாதிரிதானே இருக்கும்?” என்றார். சற்றுப் பொறுத்து, “அம்மா போயி ஆறு வருசமாச்சு. அவங்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. உங்ககிட்ட வேற படம் இருக்கா சாமி?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லுவதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை. எஞ்சியிருந்த அந்த நான்கு படங்களை நினைத்துக்கொண்டேன். அன்று அவரையும் அவர் பிள்ளைகளையும் ஆலயத்தின் முன் நிறுத்திப் படமெடுத்து, பெயர்களையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, ஊர் திரும்பியதும் அச்சிட்டு அனுப்பிவைத்தேன். கடன் தீர்ந்ததாக நான் எண்ணவில்லை.

படம் எடுப்போர் கவனத்துக்கு

குடும்பத்துடன் இத்தகைய இடங்களுக்குச் செல்வோர்க்கு, அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்லுவேன். வெண்மணலின் ஒளிமிகுதி கருவியை ஏமாற்றிவிடும். அது ஒளியைத் தானே குறைத்துக்கொள்வதால் படம் மங்கிவிடுகிறது. என் நான்கு படங்களும் கெட்டது இதனால்தான். ஆகவே வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வைத்து எடுங்கள். உச்சிப்பொழுதைத் தவிருங்கள். காலை மாலைச் சாய்வெயிலில்தான் பழஞ்சுவர்களின் கல்லும் காரையும் துலங்கும். கடற்காற்றில் கண்ணாடி வில்லையின்மேல் மணல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறிவிடும். முதலில் ஊதி அகற்றுங்கள். வரலாற்றுச் சின்னத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறித்துவைத்தால், ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நின்று எடுத்து ஒப்பிடலாம். உங்கள் ஊர்ப் பழைய ஆலயத்தையும் பள்ளியையும் பாட்டனார் வீட்டையும்கூட இவ்வாறு எடுத்துவைக்கலாமே!

எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்விடத்தில் வாழ்பவர்களைப் படத்திலிருந்து விலக்காதீர்கள். அவர்கள் இசைந்தால் அவர்களையும் சேர்த்து எடுங்கள். இசையாவிட்டால் வணங்கி விட்டுவிடுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதி அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். நாம் ஒருநாள் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம் அவர்களுக்கு ஊர். நமக்கு இடிபாடாகத் தெரிவது, அவர்கள் மாலை மாற்றிய மணவறையாக இருக்கக்கூடும்.

என் பழைய படத்தின் பின்புறத்தில் இடமும் நாளும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. இவ்வாண்டு அதன்கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “இக்கூடைக்குரியவர் இவ்வாலயத்தில் மணமுடித்தவர், பெயர் கேட்க மறந்தேன்.” நீங்கள் மறவாதீர்கள்.