கரையேறிய அன்றே மாற்ற வேண்டிய ஆயில்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்த தடைக்காலம் இப்போது 61 நாள். மீன்பிடிக்கிறவர்களுக்கு வருமானம் நின்றுபோகும் இந்த இரண்டு மாதமும் தச்சர்களுக்கும் பெயிண்டர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஓய்வே கிடையாது.

தடை முடிந்து புறப்படும்போது புது ஆயில் ஊற்றிக்கொள்ளலாம் என்பது பல முதலாளிகளின் கணக்கு. நான் பார்க்கப் போன மெக்கானிக்குக்கு அதில் உடன்பாடில்லை. “கடைசித் தொழில் முடிஞ்சு வந்த சூட்டோட எடுத்திரணும் அண்ணாச்சி. அழுக்கு ஆயில் ரெண்டு மாசம் உள்ள கிடந்தா பேரிங்கைத் தின்னுரும்” என்றார்.

அவர் சொல்வது சரி. டீசல் எரியும்போது கரியும் நீராவியும் கொஞ்சம் அமிலமும் ஆயிலில் இறங்குகின்றன. அமிலத்தை முறிக்கும் மருந்து ஆயிலிலேயே உண்டு. ஓட ஓட அது தீர்ந்துபோகும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் அமிலத்தின் கடுமை தணிந்திருக்கிறது. கரியும் ஈரமும் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீரில் கிடக்கும் போட்டை இடையிடையே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதையும் அவர் கண்டிக்கிறார். இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறும். அரைச்சூட்டில் நிறுத்தினால் ஈரம் கூடத்தான் செய்யும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டேன். நாள் கணக்கே தப்பு என்றார். லாரிக்குக் கிலோமீட்டர் இருக்கிறது, இறக்கத்தில் இன்ஜின் இளைப்பாறவும் செய்யும். மடி இழுக்கும் போட்டுக்கு இறக்கம் ஏது? மணிக்கணக்காக முழுப் பாரத்தில் உழைக்கிறது. ஆகவே ஓடிய மணி நேரம்தான் அளவு. இன்ஜினையும் ஆயிலின் தரத்தையும் பொறுத்துக் கையேடுகள் பெரும்பாலும் 100 முதல் 250 மணி வரை சொல்கின்றன. புது இன்ஜினுக்கு முதல் மாற்றம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

இங்கே காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. அந்த 16 மணி நேரமும் இன்ஜின் ஓடினால் 250 மணி என்பது பதினாறு தொழிலுக்குக்கூட வராது. வாரம் ஆறு நாள் போனால் மூன்று வாரத்துக்குள் ஆயில் மாற்ற வேண்டும். “மூணு மாசத்துக்கு ஒருக்கா” என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. சம்ப்பின் அடியில் கை நுழையும் இடமில்லாததால் கீழே திருகைக் கழற்றி ஆயிலை வடிக்கவும் முடியாது. டிப் ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய ஹோஸை இறக்கிக் கைப்பம்பால் இழுக்கிறார்கள். ஆயில் சூடாக இருந்தால்தான் இளகி வரும், அடியில் தங்கிய கசடும் கூடவே வரும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் பத்து லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டும். பம்பு அடித்த பையனின் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இந்த உழைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மெக்கானிக் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டார். நடுவில் கரும்புள்ளி விழுந்து, சுற்றிலும் சாம்பல் நிறம் மெதுவாகப் பரவியது. கறுத்துவிட்டதாலேயே ஆயில் கெட்டதாகாது. கரியைத் தன்னோடு சுமந்து திரிவது அதன் வேலை. கரி பரவாமல் நடுவிலேயே கட்டியாக நின்றால் சுமக்கும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். பால் கலந்ததுபோல் வெளுத்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். மட்டம் தானாக ஏறி டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ பம்போ ஒழுகுகிறது. இந்த இரண்டுக்கும் மணி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டவும் கூடாது.

பில்டரையும் கூடவே மாற்றினார். நிமிர்த்தி மாட்டும் பில்டர் என்பதால் முதலில் அதில் புது ஆயிலை நிரப்பிக்கொண்டார். ஸ்டார்ட் செய்ததும் பேரிங்குகள் ஆயில் வரும்வரை காய்ந்து சுற்றக் கூடாதாம். மீட்டர் காட்டிய மணியைப் பெயிண்டால் பலகையில் எழுதியும் வைத்தார்.

பழைய ஆயில் கேன்களில் கரையேறியது. வாங்கிச் சுத்திகரிக்க ஆள் உண்டு. அபாயக் கழிவு விதிகளில் இடம்பெற்ற பொருள் அது. அதைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படகுத் தளத்துக்குப் பக்கத்திலேயே சேகரிப்புத் தொட்டி வைத்து, கேனோடு வருகிறவருக்குக் கையில் காசு கொடுத்தால், வேலை முடிந்து களைத்து நிற்கும் பையன்கூட அதைத் தண்ணீரில் ஊற்ற மாட்டான்.