கேட்டேன், ஆனால் கேட்கவில்லை

மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு

நம் ஊரில் கடன் கேட்டால் கிடைக்காது. வேலை கேட்டால் கிடைக்காது. கேட்காமலே கிடைக்கும் பொருள் ஒன்று உண்டென்றால் அது அறிவுரைதான். அதுவும் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவன் என்றால் சொல்லவே வேண்டாம். டீக்கடை பெஞ்சு முதல் கோயில் திண்ணை வரை எல்லோரும் அவனுக்கு வாத்தியார்கள்தான். போன வருடம் நான் வண்டி வாங்கியபோது வந்த அறிவுரைகளைத் தராசில் வைத்திருந்தால் வண்டியை விட எடை கூடுதலாக இருந்திருக்கும். அத்தனையும் கேட்டேன். கேட்டும் விழுந்தேன். ஏன் விழுந்தேன் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் வண்டி வந்த கதை. பெரியபாளையத்திலிருந்து புதுவாயல் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் லோடிங் வேலை. காண்ட்ராக்ட் கூலி. இரண்டாவது ஷிப்டு முடிந்து இரவு பத்து மணிக்கு கேட்டுக்கு வெளியே வருவார். புதுவாயல் வரை கிடைத்த ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் ஏதாவது ஒரு லாரி. அங்கே டீக்கடை ஓரம் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்து ஊருக்கு மிதித்து வருவார். வீடு சேர நடு ராத்திரி ஆகிவிடும். அந்த சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா கண்ணை மூடுவாள். இருபது வருடமாக இதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் முப்பதாயிரம் ரூபாய் கடன் எடுத்தாள். இருபத்தேழாயிரத்துக்கு 2014 மாடல் ஸ்பிளெண்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்தது. மீதிப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இரண்டு. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கடுமையாக்கினார்கள். 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆனது. அப்பாவின் ஒரு நாள் கூலியை விட அது அதிகம்! இரண்டு ஹெல்மெட் வாங்கிய காரணம் முதலில் அந்த பயம்தான். அது எதற்கென்று பின்னால்தான் தெரிந்தது.

இனி அறிவுரைப் படலம். தாய்மாமா பழைய புல்லட் ஓட்டியவர். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டேய் மாப்ள, முன் பிரேக்க மட்டும் தொடாத. குப்புற அடிச்சிடும். பின் பிரேக்குதான் சாமி." கவரப்பேட்டை மெக்கானிக் அண்ணன் நேர் எதிராகச் சொன்னார்: "முன் பிரேக்குதான் தம்பி பிரேக்கு. பின்னாடி இருக்கறது சும்மா பேருக்கு." பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சித்தப்பா, "லாரி கண்ணாடில எங்க மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாதான் உன் மூஞ்சி எங்களுக்குத் தெரியும். தெரியலன்னா அந்த எடத்துல நிக்காத" என்றார். ஆயா பவானி அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னாள்.

நம் வகுப்பு நண்பன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். "சோழவரத்துல ரேஸ் உட்ட மண்ணுடா இது, சும்மா முறுக்கு" என்றான். அது என்னவோ உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல வருடங்கள் பந்தயம் நடத்தினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்தார்கள். ஆனால் பந்தயத்தில் எல்லோரும் ஒரே பக்கம்தான் போவார்கள். எதிரே டிரெய்லர் வராது, எருமை மாடு குறுக்கே வராது. இதை அவனிடம் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பாத்துப் போப்பா." அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து குழுக் கடன் பாஸ் புக் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். "படிச்ச புள்ள, அவனுக்குத் தெரியாததா?" என்பார்கள். அப்படிப்பட்டவன் "முன் பிரேக்கை ஏன் தொடக்கூடாது?" என்று கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அதனால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மாமாவுக்கும் ஆட்டினேன், மெக்கானிக்குக்கும் ஆட்டினேன்.

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். எல்.எல்.ஆர். வாங்கி, சிவப்பில் 'எல்' ஒட்டி, டெஸ்டுக்கு முன் இருக்க வேண்டிய முப்பது நாளும் இருந்தேன். அதுவரை அப்பாவைப் பின்னால் ஏற்றவில்லை. பழகுகிறவன் சொல்லிக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். அன்று இரவே மில் கேட்டில் போய் நின்றேன். அப்பா வெளியே வந்து என்னைப் பார்த்தார். கூட வந்தவர்களிடம், "எம் புள்ள, டிப்ளமோ படிக்கறான்" என்றார். பத்தே முக்காலுக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். அம்மா நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. ஊருக்குத் திரும்பும் வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்புகிறேன். லைட் வெளிச்சத்தில் ஒரு நாயின் கண்கள். மெக்கானிக் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். டிப்பர் லாரி சிந்திய எம்.சாண்டு மேல் முன் சக்கரம் வழுக்கியது. அடுத்த நொடி நாங்கள் கீழே, வண்டி எங்களுக்குப் பத்தடி தள்ளி. நாய் மட்டும் சௌக்கியமாகப் போய்விட்டது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அப்பாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அவருடைய ஹெல்மெட்டில் காதுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அது ஹெல்மெட் இல்லாத தலையாக இருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கீழே கிடந்தபடியே அவர் கேட்டது, "உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஆறு வாரம் மாவுக்கட்டு. காண்ட்ராக்ட் கூலிக்கு வேலைக்குப் போகாத நாளில் சம்பளம் ஏது? குழுத் தவணை கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. வீட்டில் ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் மெக்கானிக் அண்ணன் மேல். நேரே போய், "நீங்க சொன்னதாலதாண்ணா விழுந்தேன்" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வண்டி நேரா இருந்துதா, சாஞ்சி இருந்துதா?" சாய்ந்து. "கீழ தாரா, மணலா?" மணல். "நான் சொன்னது நேரா தார்ல போறப்போ. இதெல்லாம் நீ அன்னிக்குக் கேட்டியா?" கேட்கவில்லை. பிறகு என்னை வண்டியைத் தள்ளச் சொல்லி, முன் பிரேக்கை மெல்லப் பிடித்துக் காட்டினார். ஃபோர்க் அமுங்கியது. "பாத்தியா, எடை முன்னால வருது. முன் டயர் ரோட்ட அமுக்கிப் பிடிக்குது. பின் டயர் லேசாவுது. அதான் முன் பிரேக்குக்குப் பலம். ஆனா வளைவுல இல்ல. வளையறதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிடணும்."

அடுத்து மாமாவிடம் போனேன். முன் பிரேக்கை ஏன் தொடாதே என்றீர்கள் என்று முதல் தடவையாகக் கேட்டேன். திருவொற்றியூரில் பெயர் போட்ட என்ஃபீல்டு கம்பெனியின் பழைய புல்லட் அவருடையது. அதில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இன்றைய வண்டிக்கு நேர் தலைகீழ். அவர் ஓட்டியது ஏரிக்கரை மண் ரோடு. சேற்றில் முன் பிரேக் பிடித்து ஒரு தடவை அவரும் விழுந்திருக்கிறார். அவர் அனுபவத்துக்கு அவர் சொன்னது சரி. இருவருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அறிவுரைக்கும் பின்னால் ஒரு வண்டியும் ஒரு ரோடும் இருக்கிறது. அது எந்த வண்டி, எந்த ரோடு என்று நான் விசாரிக்கவில்லை.

அன்றிரவு மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பரீட்சையில் மார்க் வாங்கிய அதே சூத்திரம்தான். மணிக்கு 30 கி.மீ. என்றால் வினாடிக்கு 8.3 மீட்டர். கண் பார்த்து விரல் பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி என்று வைத்தால் அதற்குள் 8 மீட்டர் போய்விடும். நல்ல தார் ரோட்டில் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க இன்னும் 7. ஆக 15 மீட்டர். அதே கணக்கு 60 கி.மீ. வேகத்துக்கு 17-ம் 28-ம் சேர்ந்து 45 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு! டயரின் பிடி என்பது ஒரு கைப்பிடிச் சோறு மாதிரி. திரும்புவதற்குக் கொஞ்சம், பிரேக்குக்குக் கொஞ்சம் என்று பங்கிட வேண்டும். மணலில் அந்தச் சோறே பாதிக்கும் கீழே.

இதெல்லாம் தெரிந்த பெருமையில் கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த வளைவுல எப்பவுமே மணல் இருக்கும்பா. டிப்பர் அங்கதான் குலுங்கும். சைக்கிள்ல வந்தா நான் அங்க எறங்கித் தள்ளிக்கினுதான் வருவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்பா இத முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா. படிச்ச புள்ள, உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நண்பர்களே, தமிழில் 'கேட்டேன்' என்றால் காதால் கேட்டதும் கேட்டேன்தான், வாய் திறந்து வினவியதும் கேட்டேன்தான். நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை. அந்த ரோட்டில் இருபது வருடம் போய் வந்தவர் என் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் 125 சி.சி. வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, அதற்கு மேல் ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயமாக்கினார்கள். ஆனால் நம்மில் பலர் வாங்குவது அதற்கு முந்தைய பழைய வண்டிதானே!

ஆகவே அடுத்த வருடம் வண்டி எடுக்கப் போகும் ஜூனியர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். யார் அறிவுரை சொன்னாலும் தலையாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நீங்க ஓட்டினது எந்த வண்டி? எந்த ரோட்டுல? எங்க விழுந்தீங்க? மூன்றாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்பவர்தான் நல்ல வாத்தியார். ஹெல்மெட் பட்டையை மாட்டுங்கள், பின்னால் வருபவருக்கும் ஒன்று வாங்குங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம்மைப் படிக்க வைத்தவர்கள் அதற்காக நம்மைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். தோடு இன்னும் அடகில்தான், தீபாவளிக்குள் மீட்டுவிடுவோம். இப்போது இரவில் அந்த வளைவு வருவதற்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு கை என் தோளை லேசாகத் தட்டும். நான் கியரைக் குறைப்பேன். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் குறைப்பேன்.