ஒளியால் ஒரு கோலம்

பதினோராம் வகுப்பு மாணவி, தாமல்

கோலம் போடுபவரின் கை நகர்ந்து சென்ற பின்னும் மாவு தரையில் தங்கிவிடுகிறது. அதனால்தான் கை சென்ற வழியை நாம் காலையில் எழுந்து பார்க்க முடிகிறது. கையில் மாவுக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கைப் பிடித்துக்கொண்டு, காற்றிலேயே கோலம் போட்டால் என்ன ஆகும்? நம் கண்ணுக்கு அது தங்காது. அடுத்த நொடியே மறைந்துவிடும். ஆனால் காமிராவின் கதவைத் திறந்தே வைத்திருந்தால், அந்தக் கோலம் முழுவதும் படத்தில் பதிந்துவிடும். இதற்கு ஒளி ஓவியம் என்று பெயர். கடந்த ஓராண்டாக நான் கற்றுவரும் இக்கலையைப் பற்றி என் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில் இருக்கிறது எங்கள் ஊரான தாமல். ஊருக்குப் பெருமை எங்கள் பெரிய ஏரி. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அதன் கரையில் நின்று பார்த்தால் கடலோ என்று தோன்றும். இரவில் அங்கே நல்ல இருட்டு. ஒளி ஓவியம் கற்க முதலில் வேண்டியது விளக்கு அன்று, இருட்டுதான். அது எங்கள் ஊரில் விலையில்லாமல் கிடைத்தது. காமிராவைத் தந்தவர் என் சித்தப்பா. அவர் திருமண வீடுகளில் படம் எடுப்பவர். புதியதொன்று வாங்கியபோது பழையதை என்னிடம் தந்து, "கெடுத்துடாம கத்துக்கோ கண்ணு" என்றார்.

எங்கள் முதல் பாடம் கார்த்திகைத் தீபத்தன்று நடந்தது. அன்றிரவு எங்கள் பக்கத்துச் சிறுவர்கள் மாவலி சுற்றுவார்கள். நகரத்துத் தோழியருக்காக அதைச் சற்று விளக்குகிறேன். ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் இட்டு எரித்து, மண்ணால் மூடிக் கரியாக்குவார்கள். அக்கரியை நன்றாகப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் சுருட்டி இறுகக் கட்டுவார்கள். அந்தச் சுருளைப் பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றில் இணைத்து, நெருப்புக் கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொறிகள் பூமழைபோல் சிதறும். கடையில் வாங்கும் வெடிகளுக்கு வெகு காலம் முன்பிருந்தே நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இதுவே வாணவேடிக்கை.

மாவலி வேகமாகச் சுழலும்போது நம் கண்ணுக்கு ஒரு நெருப்பு வளையமே தெரிகிறது. உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு கங்குதான். நாம் கண்ட ஒளி மறைந்த பின்னும் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் நம் பார்வையில் தங்குவதால், கங்கு போன வழி வளையமாகத் தோன்றுகிறது. நம் கண் அதற்குமேல் எதையும் சேமித்து வைப்பதில்லை. காமிராவோ முப்பது விநாடி கதவைத் திறந்து வைத்தால், முப்பது விநாடியில் பறந்த பொறிகள் அனைத்தையும் ஒரே படத்தில் சேர்த்து வைத்துவிடும். சித்தப்பா எடுத்த படத்தைப் பின்திரையில் பார்த்தபோது, ஏரிக்கரையில் ஒரு பொன்னிறக் குடை விரிந்திருந்தது. ஆனால் குடையின் கீழே சுற்றிய பையனைக் காணோம்! இருட்டில் அவன்மேல் போதிய ஒளி படவில்லை. "ஒளியைப் பிடிச்சிருக்கிறவன் படத்துல தெரியமாட்டான், அதுதான் இதோட சூத்திரம்" என்றார் சித்தப்பா. அச்சொல்லின் முழுப் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இனி, செய்முறையைச் சொல்கிறேன். காமிரா சிறிதும் அசையக் கூடாது. ஆகவே முக்காலி வேண்டும். முக்காலி இல்லாதபோது கல்லின்மேல் அரிசிப் பையை வைத்து, அதில் காமிராவை அழுத்தி உட்கார வைக்கலாம். பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்ச்சிகூடப் படத்தைக் கலைக்கும் என்பதால், அழுத்திய இரண்டு விநாடிக்குப் பின் கதவு திறக்கும்படி அமைக்க வேண்டும். சாதாரணமாக ஒரு படத்துக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கதவு திறக்கிறது என்று கொண்டால், முப்பது விநாடி என்பது அதைப்போல் 1800 மடங்கு. அத்தனை ஒளியும் உள்ளே புகுந்தால் படம் வெளுத்துவிடும். எனவே ஐ.எஸ்.ஓ. எண்ணை 100 என்று குறைத்து, எஃப் 8 அல்லது எஃப் 11 என்று துளையைச் சுருக்கிக்கொள்கிறோம். இருட்டில் காமிரா தானாகக் குவியம் காணாது. ஓவியம் வரையப்போகும் இடத்தில் ஒருவரை டார்ச் விளக்குடன் நிறுத்தி, அந்த ஒளியில் குவியத்தைச் சரி செய்து, பிறகு அது மாறாதபடி கையியக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். முப்பது விநாடிக்கும் மேல் வேண்டுமென்றால் 'பல்ப்' என்ற அமைப்பு உண்டு; பொத்தானை விடும்வரை கதவு திறந்தே இருக்கும். இப்போது பல கைப்பேசிகளிலும் கதவு நேரத்தை நாமே கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது.

வரைபவர் கறுப்பு உடை அணிந்து, நில்லாமல் நகர வேண்டும். விளக்கைக் காமிராவை நோக்கிப் பிடித்தால் கோடு விழும். காமிராவுக்கு முதுகு காட்டி, மரத்தின்மீதோ சுவரின்மீதோ அடித்தால், வெள்ளையடிப்பதுபோல் அந்தப் பொருள் சிறிது சிறிதாக வெளிச்சம் பெறும். கை மெதுவாகப் போனால் கோடு தடிக்கும்; விரைந்து போனால் மெலியும். நம் தமிழ் எழுத்துகள் இதற்கு மிகவும் ஏற்றவை. 'அ'வையும் 'உ'வையும் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதிவிடலாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கத்தான் விளக்கை உள்ளங்கையால் மூடி, கையை உயர்த்தி, ஒரு கணம் திறந்து காட்டி மறுபடி மூட வேண்டும். காமிராவைப் பார்த்து எழுதுவதால் எழுத்து படத்தில் இடவலமாக மாறித் தெரியும். அதனால் ஒரு மாதம் எல்லா எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதிப் பழகினேன். என் தம்பி நான் எழுதியதைப் பார்த்து, "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி வந்தான்.

இக்கலையின் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டில் மாரே, தெமெனி என்ற இருவர் 1889ஆம் ஆண்டிலேயே ஒரு மனிதரின் உடலில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி நடக்கச் செய்து, நடையின் வழியைப் படமாக்கினார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1910களில் தொழிலாளரின் விரலில் சிறு விளக்கை மாட்டி, அவர்கள் வேலை செய்கையில் காமிராவைத் திறந்து வைத்தார்கள். வேண்டாத அசைவு எது, களைப்பைத் தருவது எது என்று அந்த ஒளிக்கோடுகள் சொல்லிவிட்டன. லில்லியன் பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தாய். உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1914இல் நிர்வாகத்தின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதிருக்கப் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டன. பிறர் கையின் உழைப்பை ஒளியால் காட்டியவர், தம் நூலில் தாமே மறைக்கப்பட்டார்!

பின்னர் 1949இல் கியோன் மிலி என்ற புகைப்படக் கலைஞர், ஓவியர் பிக்காசோவைத் தென் பிரான்சில் சந்தித்தார். பிக்காசோ இருட்டறையில் ஒரு சிறு விளக்கால் பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான உருவத்தைக் காற்றில் வரைந்தார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தில் கோடுகளுடன் பிக்காசோவும் தெளிவாகத் தெரிகிறார். எப்படி? கதவு திறந்திருக்கும்போதே ஒரு கணம் ஃபிளாஷ் விளக்கை அவர்மேல் மின்னச் செய்தார் மிலி. கோட்டுக்கு நீண்ட நேரம் வேண்டும். முகத்துக்கு ஒரு கணம் போதும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட இக்கலை நம் நாட்டிலும் பயன்பட்டிருக்கிறது. காற்றிலுள்ள நுண்தூசி கூடக் கூட மிகுதியாக மின்னும் விளக்குக் கோல் ஒன்றைச் செய்து, அதைப் பிடித்து நடந்து, நீண்ட நேரப் படங்களை எடுத்தார்கள் சில ஆய்வாளர்கள். தில்லியில் குழந்தைகள் விளையாடும் ஓர் இடத்திலும், இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் அதுபோன்ற ஓர் இடத்திலும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், தில்லிப் படம் முழுவதும் ஒளிப்புள்ளிகள் மொய்க்கின்றன. அங்கே நுண்தூசி 12 மடங்குக்கும் அதிகம். இந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. எண்ணைச் சொன்னால் மறந்துவிடுவோம். அந்தப் படத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

கில்பிரெத் தம்பதியரைப் பற்றிப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுத் தறி நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் பட்டு நெய்கிறோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றிருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஆள முடியாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து வலப்பக்கக் கரையின் நாடாவை எறிந்து கொடுக்க, ஒவ்வோர் ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் கோத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி அமர்பவர் என் அம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் அந்த இடத்தில்தான் இருக்கிறார். ஆனால் கூலிக் கணக்கு நோட்டில் இருப்பது அப்பாவின் பெயர் மட்டுமே. யாராவது அம்மாவிடம் என்ன வேலை என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பொத்தான் பேட்டரியில் எரியும் இரண்டு சிறு எல்.இ.டி. விளக்குகளை எடுத்துக்கொண்டேன். அப்பாவின் மணிக்கட்டில் சிவப்பு, அம்மாவின் மணிக்கட்டில் வெள்ளை. மீந்த பட்டு நூலால் கட்டினேன். "என் கையைப் போய் என்னத்துக்குடி படம் பிடிக்கிறே? அப்பாவைப் பிடி. நெய்யறது அவர்தானே" என்றார் அம்மா. அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பு மட்டும் எரிந்தது. "இந்த வெளிச்சமே அதிகம், கண்ணை மூடிக்கிட்டுகூட நெய்வோம்" என்றார் அப்பா. சித்தப்பா காமிராவை அமைத்துத் தந்தார். முப்பது விநாடி, எஃப் 11. பொத்தானை நான் அழுத்தினேன். மிதிகட்டையின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

படத்தில் அப்பாவின் சிவப்புக் கோடுகள் தறியின் அகலம் முழுவதும் விசிறிபோல் விரிந்திருந்தன. அம்மாவின் வெள்ளைக் கோடுகளோ வலப்பக்கத்தில் ஒரு சாண் இடத்திலேயே போவதும் வருவதுமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தனிக் கோடு எது என்றே தெரியாதபடி ஒரே வெள்ளைப் பிழம்பாகியிருந்தன. திரும்பத் திரும்ப ஒரே வழியில் செல்லும் ஒளி படத்தில் கூடிக்கொண்டே போகும். சேலையில் எந்த நூல் யார் எறிந்தது என்று பிரித்தறிய முடியாது, படத்தில் முடிந்தது. ஆனால் மாவலி சுற்றிய பையனைப்போலவே அம்மாவும் அதில் இல்லை. கை சென்ற வழி இருந்தது, கைக்கு உரியவர் இல்லை.

பிக்காசோவின் படத்தில் நடந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். இரண்டாம் படத்தில் இருபதாவது விநாடியில், அம்மா நாடாவை எறியும் தறுவாயில், சித்தப்பா ஃபிளாஷ் விளக்கைக் கையில் பிடித்து ஒரே ஒரு முறை மின்னச் செய்தார். திரையில் வெள்ளைப் பிழம்புக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெரிந்தது. கண்கள் நூலின்மேல் இருந்தன. உதடு சற்றே மடிந்திருந்தது.

"ஐயே, தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு" என்றுதான் அம்மா முதலில் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காமிராவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "என் கோட்டைவிட உன்னோடதுதான் பளிச்சுனு இருக்கு" என்றார் கடைசியாக. மறு வாரம் கல்வி உதவித்தொகைக்கான படிவம் ஒன்று வந்தது. தாயின் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தாமே 'நெசவு' என்று எழுதினார். அம்மா அந்தப் படத்தை அச்சிட்டுத் தரச் சொல்லி, தம் கல்யாணச் சேலை இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அன்புத் தோழியரே, இந்த விடுமுறையில் நீங்களும் முயன்று பாருங்கள். மாவலியோ மத்தாப்போ எதுவானாலும், பெரியவர்கள் உடனிருக்க, வைக்கோலும் கூரையும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பூவும் நட்சத்திரமும் வரைந்து கை பழகிய பிறகு, உங்கள் வீட்டில் இருட்டோடு எழுந்து வேலை செய்பவர் ஒருவரின் கையில் சிறு விளக்கைக் கட்டிப் பாருங்கள். பூக்கட்டும் பாட்டியாகவோ, மாவரைக்கும் அத்தையாகவோ, பால் கறக்கும் தாத்தாவாகவோ அவர் இருக்கலாம். அவர் வேண்டாம் என்று வெட்கப்படுவார்; பொறுமையாகக் கேளுங்கள். காமிராவின் கதவை முப்பது விநாடி திறந்து வையுங்கள். முடிவதற்குள் மறவாமல் ஒரு முறை அவர் முகத்தின்மேல் வெளிச்சம் காட்டுங்கள்.