சமர்கந்துக் குன்றில் சூரியனை அளந்தவர்கள்



மத்திய ஆசியாவில், உஸ்பெகிஸ்தான் நாட்டின் சமர்கந்து நகருக்குச் செல்வோரின் கண்களை முதலில் கவர்வன நீல நிறக் குவிமாடங்களே. ரெஜிஸ்தான் சதுக்கத்தையும் தைமூரின் அடக்கஸ்தலத்தையும் பார்த்துவிட்டுப் பலர் திரும்பி விடுகின்றனர். ஆனால், நகரின் வெளிப்புறத்தில் ஒரு குன்று உண்டு. அங்கே குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. பூமிக்குள் இறங்கும் ஓர் ஆழமான பள்ளம் மட்டுமே இருக்கின்றது. எமது முன்னோரின் அறிவுத் தாகத்தை அறிய விரும்பினால், நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

உள்ளே எட்டிப் பாருங்கள். சுமார் 11 மீற்றர் ஆழத்திற்குப் பாறை குடையப்பட்டிருக்கின்றது. இரண்டு வளைந்த சுவர்கள் அருகருகே கீழிறங்குகின்றன. அவற்றின் மீது பாகைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய 40 மீற்றர் ஆரை கொண்ட மாபெரும் வானியல் கருவியொன்றில் எஞ்சியிருப்பது இவ்வளவே. அதன் மற்றைய பகுதி, நிலத்துக்கு மேலே வட்ட வடிவமான மூன்று மாடிக் கட்டடத்தினுள் உயர்ந்து நின்றது.

இதனை அமைத்தவர் மிர்ஸா உலுக் பெக் (1394–1449). தைமூரின் பேரர். பாட்டனார் நாடுகளை வென்றார். பேரரோ வானத்தை அளக்க விரும்பினார். முதலில் ரெஜிஸ்தானில் ஒரு மத்ரஸாவைக் கட்டினார். அது 1420இல் நிறைவுற்றது. அதன் பின்னரே இந்த வானாய்வுக்கூடம் எழுந்தது. காழி ஸாதா அர்-ரூமி, ஜம்ஷீத் அல்-காஷி, அலி குஷ்ஜி ஆகிய அறிஞர்கள் அவரோடு இணைந்து பணியாற்றினர்.

தொலைகாட்டி தோன்றுவதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. அவ்வாறாயின் எப்படி அளந்தார்கள்? முறை மிக எளிமையானது. கட்டடத்தின் உயரத்தில் ஒரு சிறு துவாரம். சூரியன் உச்சத்துக்கு வரும் வேளையில் அதனூடாக வரும் ஒளி, வடக்குத் தெற்காக அமைந்த இந்த வளைவில் ஒரு பொட்டாக விழும். சூரியன் அக்கோட்டைக் கடந்து சாயும்போதுதான் லுஹர் நேரம் ஆரம்பமாகின்றது என்பதை நாம் அறிவோம்.

அந்த ஒளிப்பொட்டு தினமும் ஒரே இடத்தில் விழுவதில்லை. சமர்கந்தில் ஜூன் மாதத்தின் நண்பகற் சூரியன் சுமார் 74 பாகை உயரத்தில் நிற்கும்; டிசம்பரில் சுமார் 27 பாகைக்கு இறங்கிவிடும். இடையிலுள்ள வித்தியாசம் 47 பாகை. அதன் அரைவாசியான 23½ பாகைதான் பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் அளவு! கோடையும் குளிரும் மாறி வருவது இச்சாய்வினாலேயே. உலுக் பெக் இதனை 23 பாகை 30 நிமிடம் 17 செக்கன் எனக் கணித்தார். வளைவில் ஒரு பாகையின் நீளம் சுமார் 70 சென்ரிமீற்றராக இருந்தமையால்தான் இத்தனை நுட்பம் சாத்தியமாயிற்று. நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு அவர் கணித்த ஓர் ஆண்டின் நீளத்துக்கும் இன்றைய கணிப்புக்கும் இடையே ஒரு நிமிட வித்தியாசம் கூட இல்லை.

சூரியனே பூமியைச் சுற்றுகின்றது என்றுதான் அவர்கள் எண்ணினர். சூரியனும் ஒரு நட்சத்திரமே என்பதும், அது சுமார் 15 கோடி கிலோ மீற்றர் தொலைவில் இருப்பதும், அதன் ஒளி எம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகும் என்பதும் பிற்காலத்தில் தெரிய வந்தவை. கருத்து மாறியது, பொறுமையோடு எடுத்த அளவுகள் மாறவில்லை.

1437இல் நிறைவுற்ற அவரது அட்டவணையில் 1018 நட்சத்திரங்கள் இடம்பெற்றன. 2022இல் வெளியான கையா விண்கலத்தின் அட்டவணையிலோ சுமார் 180 கோடி! அதுவும் எமது பால்வீதியின் ஒரு சிறு பங்குதான். அத்தகைய உடுத்தொகுதிகள் பிரபஞ்சத்தில் கோடிக்கணக்கில் உள்ளன. ஸுப்ஹானல்லாஹ்!

ஆனால், அந்த அறிஞரின் முடிவு வேதனைக்குரியது. பெற்ற மகன் அப்துல் லத்தீபே அவருக்கு எதிராகக் கிளம்பினான். ஆட்சியை இழந்து, ஹஜ் பயணம் புறப்பட்ட உலுக் பெக் 1449இல் கொல்லப்பட்டார். வானாய்வுக்கூடம் கவனிப்பாரற்றுச் சிதைந்து, இருந்த இடமே மறந்து போயிற்று. 1908இல் ரஷ்ய ஆய்வாளர் வியாத்கின், பழைய வக்பு ஆவணம் ஒன்றின் துணையோடுதான் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

கட்டடம் அழிந்தாலும் அறிவு அழியவில்லை. மாணவர் அலி குஷ்ஜி அதனைச் சுமந்து இஸ்தான்பூல் சென்றார். 1665இல் அந்த நட்சத்திர அட்டவணை ஒக்ஸ்போர்டில் அச்சேறியது. மகன் அழித்ததை மாணவன் காப்பாற்றினான் என்றே சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே! தொழுகை நேரங்கள் அச்சிட்ட கலண்டரில் கிடைப்பதால் நாம் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். ஜனவரி மாதத்தில் ஓரிரவு இஷாவின் பின் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டுங்கள். அந்த வரிசையை வடமேற்காக நீட்டினால் செம்மஞ்சள் நிறமான ஒரு நட்சத்திரம் தென்படும். அதுவே ரோகிணி. உலகம் அதனை ‘அல்டெபரான்’ என்கின்றது. அது ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் அரபுச் சொல். ஸுரையா எனும் கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்வதால் வந்த பெயர். நீங்கள் அன்றிரவு காணும் அதன் ஒளி, சுமார் 65 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. பிள்ளைகளின் மூத்தவாப்பா சிறுவராயிருந்த காலம் அது!

பெயர் வைத்தவர்கள் எமது முன்னோர். அதை அண்ணாந்து பார்க்கவாவது எமது பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம்.