ஜப்பான்காரன், ஆனா சொந்த ஊரு திருவள்ளூர்

லான்சர் வச்சிருக்கேன்னு சொன்னா ரெண்டே ரெண்டு கேள்விதான் வரும். "இன்னுமா ஓடுது?" இது சொந்தக்காரங்க. "எவோவா மாத்திட்டியா?" இது நம்மள மாதிரி கார்ப் பைத்தியங்க. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் ஆணி புடுங்கப் போறதே அதுலதான். ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு முழுப் பதிவு தேவைப்படுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1998ல இந்துஸ்தான் மோட்டார்ஸும் மிட்சுபிஷியும் சேர்ந்து நம்ம திருவள்ளூர் பக்கத்துல லான்சர் செய்ய ஆரம்பிச்சாங்க. அம்பாசடர் கம்பெனி லான்சர் செய்யுதுன்னா அப்ப அது பெரிய விஷயம். 1996லேர்ந்து 1999 வரைக்கும் டாமி மாக்கினென்ங்கிற பின்லாந்துக்காரர் லான்சர் எவல்யூஷனை ஓட்டித் தொடர்ந்து நாலு தடவை உலக ராலி சாம்பியன் ஆனார். அதுல 1998ல கம்பெனிகளுக்கான பட்டமும் மிட்சுபிஷிக்குத்தான். அதே பேரு, அதே மூணு வைர முத்திரை. நமக்குக் கிடைச்சது என்னவோ 1.5 லிட்டர் பெட்ரோலும் 2 லிட்டர் டீசலும்தான். பரவால்ல, பேரு ஒண்ணுதானே :-)

அப்புறம் 2006ல செடியா வந்துச்சு. என்னோடது 2007 மாடல், டிஎன் 20 ரெஜிஸ்ட்ரேஷன். திருவள்ளூர்ல பொறந்து திருவள்ளூர்லயே ஜாதகம் எழுதின வண்டி. இந்த செடியாவோட அடித்தளத்துலதான் ஜப்பான்ல எவோ 7, 8, 9 மூணையும் கட்டினாங்க. அதாவது என் வண்டி எவோவுக்கு சித்தப்பா பையன். ஆனா சித்தப்பா வீட்ல கொஞ்சம் வசதி கம்மி. நம்மளுக்கு 115 குதிரை, டர்போ கிடையாது, முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அங்க 4ஜி63ன்னு ஒரு 2 லிட்டர் டர்போ இன்ஜின், 280 குதிரை, நாலு சக்கரமும் இழுக்கும். அசல் எவோ (பத்தாவது தலைமுறை) 2010ல இந்தியாவுக்கே வந்துச்சு. முழுசா இறக்குமதி, விலை அரைக் கோடி பக்கம். நானெல்லாம் அதைப் பேப்பர்ல பார்த்ததோட சரி.

நிற்க. இப்ப எங்க மெக்கானிக் அண்ணனைப் பத்திச் சொல்லணும்.

கவரைப்பேட்டை பக்கத்துல ஷெட் வச்சிருக்கார். அதுக்கு முன்னாடி திருவள்ளூர் பிளான்ட்ல கான்ட்ராக்ட்ல இருந்தவர். லைன்ல வர்ற வண்டிக்கு டோர் ரப்பர் மாட்டுற வேலை. என் வண்டியை முதல் தடவை பார்த்தப்ப, பானட்டைத் திறக்காம டோரைத் திறந்து ரப்பரைத் தடவிப் பார்த்தார். "இது நான் மாட்டினதாக்கூட இருக்கும் தம்பி"ன்னார். சின்ன வயசுல சோழவரம் ரேஸ் பார்க்க சைக்கிள் மிதிச்சுப் போனவர். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதைல நடந்த ரேஸ் அது. 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் அந்தக் கதை முடிஞ்சுது. எப்ப அந்தப் பக்கம் போனாலும் ஓடுபாதை இருக்கிற திசையில கை காட்டாம வர மாட்டார்.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி போன். "தம்பி, ஒரு 4ஜி63 வருது. பாதியா வெட்டின வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்து. லேபர் எனக்கு வேணாம்."

பொய் சொல்லல, ராத்திரி முழுக்கத் தூங்கல. தங்கமணி "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டாங்க. கேட்ட விலை என் வண்டி விலையைப் போல ரெண்டு மடங்கு. ஆனா என்னை உறுத்தினது காசு இல்ல, அண்ணன் கடைசியாச் சொன்னது. "நான் டோர் ரப்பர் போட்ட எதுலயும் அந்தப் பெரிய இன்ஜின் போனதில்ல தம்பி. ஒருவாட்டி பார்த்துடணும்."

மூணு வாரம் கணக்குப் போட்டேன். 280 குதிரையை முன் சக்கரம் ரெண்டுக்கு மட்டும் கொடுத்தா, ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் டயர் சுத்தும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். நாலு சக்கரமும் இழுக்கணும்னா ஃப்ளோரை வெட்டி, பின்னாடி டிஃபரென்ஷியல் வச்சு... அது மாடிஃபிகேஷன் இல்ல, வேற வண்டி. இருக்கிற இன்ஜினுக்கே டர்போ மாட்டலாமேன்னு கேப்பீங்க. டர்போ காத்தை அழுத்தும், அழுத்தின காத்து சூடாகும், நம்ம மே மாசத்துக்கு அது இன்னும் சூடாகும். பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்க ஆரம்பிச்சா பிஸ்டன் காலி. எவோவுக்குப் பிஸ்டன்லேர்ந்து எல்லாமே டர்போவுக்குன்னே செஞ்சது. நம்மளோடது அப்படி இல்ல.

அப்புறம் ரோடு. கொல்கத்தா ஹைவேல இரும்புக் கம்பி ஏத்தின டிரைலருங்க தச்சூர் கூட்ரோட்ல எப்படித் திரும்புங்கன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். 100ல போறதை 140 ஆக்கினா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும். 140ல ஒரே ஒரு செகண்ட் யோசிச்சாலே 39 மீட்டர் போயிருப்போம். ரெண்டு டிரைலர் நீளம்.

சட்டம் வேற இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே. 2022ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. அடுத்தது 2027, இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு ஃபீஸே பத்தாயிரம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இன்ஜின் நம்பரைப் பார்த்தாங்கன்னா அன்னிக்கே வண்டியோட கதை முடிஞ்சுது. எவோ ஆக்குறேன்னு கிளம்பி லான்சரையும் இழக்குறதா?

ஷெட்டுக்கே போய் வேணாம்ணேன்னு சொன்னேன். "சரி தம்பி"ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் ஒரு மாசம் போன் இல்ல. வாட்டர் பம்ப் மாத்தணும்னு போனப்பகூட பையனை விட்டுத்தான் பார்க்கச் சொன்னார்.

அந்த இன்ஜின் காசுல நாலுல ஒரு பங்குகூட ஆகல, நான் கேட்ட வேலைக்கு. நல்ல பிரேக் பேட். பிரேக் ஆயில் மாத்தினது. இதைத்தான் யாரும் கண்டுக்கறதே இல்ல. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை அது குடிச்சிக்கிட்டே இருக்கும். ஈரம் ஏறினா அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். நம்மூர் கடற்கரை ஈரத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்தியே ஆகணும். அப்புறம் கம்பெனி சைஸ்லயே நல்ல டயர், சஸ்பென்ஷன் புஷ் மொத்தமும், ரேடியேட்டர். ரப்பர் புஷ் மாத்தின அன்னிக்கு வண்டி வளைவுல திரும்பின விதம் இருக்கே... அவ்வ்வ்வ்! 115 குதிரையே போதும்னு தோணிச்சு. கார்ப் பைத்தியங்க திட்டுவாங்க, திட்டட்டும்.

போன டிசம்பர்ல இருங்காட்டுக்கோட்டைல ஒரு டிராக் டே. அண்ணனைக் கூப்பிட்டேன். வர மாட்டேன்னவர் காலைல அஞ்சு மணிக்கே ஷெட் வாசல்ல குளிச்சு ரெடியா நின்னார். முதல் ரவுண்டு நான், அப்புறம் சாவியை அவர்கிட்ட கொடுத்துட்டேன். எட்டு ரவுண்டு ஓட்டினார். இறங்கினதும் வண்டியைச் சுத்தி வந்து, சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு மோந்து பார்த்து, "பிரேக் அடங்கல தம்பி, நல்லாருக்கு"ன்னார். டர்போ பேச்சை எடுக்கல. அந்த 4ஜி63 கோயமுத்தூர்ல யாருக்கோ போயிடுச்சாம். அதோட போட்டோ இன்னும் அவர் போன்ல முகப்புல இருக்கு, நான் பார்த்ததா காட்டிக்கல.

லான்சர் ஓடி வந்த அந்த லைன் இருந்த இடத்துல இப்ப சிட்ரோயன் கார் செய்றாங்க. நடுவுல கொஞ்ச வருஷம் இசுசு செஞ்சாங்க, அவங்க 2016ல ஸ்ரீசிட்டிக்குப் போயிட்டாங்க. செடியா பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டைல அலையணும், இல்ல இந்த பாடி லான்சர் நிறைய ஓடுற இலங்கைலேர்ந்து யாராவது கொண்டு வரணும். இப்ப புதுத் தலைவலி பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். டர்போக்காரங்களுக்கு ஆக்டேன் கூடுதுன்னு கொண்டாட்டம். எனக்கு 2007 மாடல் ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் ஊறிப் போகுமோன்னு திண்டாட்டம், மைலேஜும் கம்மி. அண்ணன்கிட்ட சொன்னேன். எத்தனால் தாங்குற ஹோஸ் அளவெடுத்து ஏற்கனவே வாங்கி வச்சுட்டாராம், வர்ற ஞாயித்துக்கிழமை டேங்கை இறக்குறோம்.