மிதக்கும் இல்லம் ஆற்றுக்கு என்ன தரும்?

ஆற்றில் மிதக்கும் நலவாழ்வு இல்லம் என்றதும் மூங்கிலும் ஓலையும் கயிறும்தான் முதலில் பேச்சுக்கு வரும். குமரி மாவட்டத்து அஞ்சுகிராமம் வட்டாரத்தில் பனைக்கும் தென்னைக்கும் பஞ்சமில்லை. மேற்கே மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கிறது. இங்கும் ஒன்று கட்டலாமே என்று தோன்றுவது இயல்பு. கட்டலாம்தான். ஆனால் எதைக்கொண்டு கட்டுகிறோம் என்பதற்கு முன்னால், அதிலிருந்து ஆற்றுக்குள் என்ன இறங்கும் என்று கேட்டாக வேண்டும்.

கேரளத்துக் கெட்டுவள்ளம் இதற்குச் சான்று. அயினிப் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பில் தேங்காய் நாரை அடைத்து, கயிற்றால் இறுகத் தைப்பார்கள், ஆணியே கிடையாது. முந்திரித் தோட்டிலிருந்து எடுத்த கரிய எண்ணெயை மேலே பூசுவார்கள். ஒரு பலகை உளுத்துப்போனால் தையலைப் பிரித்து அதை மட்டும் மாற்றிவிடலாம். கழை ஊன்றி நெல் சுமந்த அந்த வள்ளம், சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்தது. 1990களில் படுக்கையறை, கழிவறை, டீசல் இயந்திரம், பிறகு குளிர்சாதனம் என்று ஏற்றி அதைப் படகு வீடாக்கினார்கள். 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டுக் காயலில் இன்று படகு வீடுகளின் எண்ணெயும் கழிவும் கலப்பது பெருங்கவலை. மரமும் நாரும் மாறவில்லை. அவற்றின்மேல் ஏற்றிய சுமைதான் மாறியது.

கழிவுத் தொட்டி பொருத்தினால் போதாதா என்பார்கள். தொட்டி நிறைந்தால் அதைக் கரையில் இறக்க வேண்டும். அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்க வேண்டும். பழையாறோ வேம்பநாடுபோல் பரந்த நீர்ப்பரப்பு அல்ல. நாகர்கோவில் பக்கத்துச் சாக்கடையை ஏற்கெனவே சுமக்கும் சிற்றாறு அது. கோடையில் வரத்து குறைந்து, பொழிமுகத்தில் மணல் மேடிட்டால் விழுந்தது விழுந்த இடத்திலேயே தங்கும். 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தையே பெயர்த்துப் போட்டது; அந்த முகத்துவாரத்தில் ஆட்களை இரவு தங்க வைப்பதும் தகாது. ஆகவே சமையல், குளியல், எண்ணெய்ச் சிகிச்சை எல்லாம் கரையில் நடக்கட்டும். ஓலைக்கூரை போட்ட சிறு வள்ளம் இயந்திரமில்லாமல் பகலில் மட்டும் நீரில் போய்வரட்டும்.

இப்படிச் சுருக்கினால் பிழைப்பு குறையாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஓலை மட்கும், கயிறு தேயும், எண்ணெய்ப் பூச்சு மங்கும். ஓலை வேய்பவருக்கும் கயிறு திரிப்பவருக்கும் தச்சருக்கும் ஆண்டுதோறும் வேலை தருவது அந்தக் குறைதான். கண்ணாடியிழைப் படகு அவர்களைத் தேடாது. தங்காவிட்டால் நலவாழ்வு எப்படி என்றால், மனிதருக்கு இளைப்பாறல் தருவது மெதுவாக நகரும் நீரும் காற்றும் நிழலும். மூடிய குளிரறை அவற்றை மறைத்துவிடும். அந்த நீர் நாறினால் எந்த மூங்கிலும் ஈடுசெய்யாது. எனவே இங்கே முதல் முதலீடு வள்ளத்துக்குப் போகக் கூடாது. பழையாற்றில் விழும் சாக்கடையைத் தடுத்துச் சுத்திகரிக்கவே போக வேண்டும். அது நடந்தால் விருந்தினருக்கு மட்டுமல்ல, கரையில் வாழ்பவர்களுக்கும் நலம்.