மூன்று கெட்ட வார்த்தை போர்டு

தாலுகா ஊர்களில் இப்போதெல்லாம் நகைக்கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவே ஒரு மாடிப்படி இருக்கிறது. ஏறினால் ஈஸ்தெட்டிக் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏ.சி., நம் ஜாடையே இல்லாத ஒரு பெண்மணி சிரிக்கும் ஃப்ளெக்ஸ். லேசர், பீலிங், முடி நடுதல் எல்லாம் உண்டு. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண் பேக்கேஜ் தனி.

நான் கேலி செய்யவில்லை. தாடையில் முடி வளரும் பெண்ணின் அவஸ்தை அவளுக்குத்தான் தெரியும். பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள், காலேஜ் இரண்டாம் வருஷத்திலிருந்து துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றியே போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு போன்.

"மாமா, இங்க ஒரு கிளினிக்ல ஆறு சிட்டிங் முப்பதாயிரமாம். இன்னைக்கே கட்டினா இருபத்திரெண்டுதானாம். சேந்துரவா?"

"டாக்டர் யாரும்மா?"

"ஒரு மேடம். வெள்ளைக் கோட்டு போட்டிருக்காங்க."

"என்ன படிச்சிருக்காங்க?"

"அதை எப்படி மாமா கேக்குறது?"

கவனியுங்கள். இதே குடும்பம் நகைக்கடையில் சேதாரத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடும். முகத்தில் லேசர் வைக்கப்போகிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்கக் கூச்சம்.

"உங்க ஊர்ல தோல் டாக்டர் இல்லையா?"

"இருக்கார் மாமா. அம்மா வேணாங்கிறாங்க. அந்த போர்டைப் பாத்தீங்கன்னா நீங்களே வேணாம்பீங்க."

போர்டில் இருப்பது இதுதான்: தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேலே மூன்று வருஷம் படிக்கும் தோல் எம்.டி. பட்டத்தில் இந்த மூன்றும் சேர்ந்தேதான் இருக்கும். டி.வி.எல். என்று போடுவார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அந்த வாசலில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே மூன்றில் எது என்ற கவலை வந்துவிடும். அதனால்தான் மாடிப்படி. உண்மையில், நீங்கள் தேட வேண்டியதே அந்த மூன்று வார்த்தைகளைத்தான். முடி நடுவது, கொழுப்பை எடுப்பது என்றால் பிளாஸ்டிக் சர்ஜனும் சரி. 'காஸ்மெட்டாலஜி டிப்ளமோ' என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்கு முன்னால் எம்.பி.பி.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். 2002-ம் வருஷ விதிப்படி டாக்டர் தன் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் போட வேண்டும். வாயால் கேட்கக் கூச்சமென்றால் கண்ணால் தேடலாம்.

லேசர் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஒளி முடிவேரின் கருப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சுடுகிறது. நம் தோலிலும் அதே நிறமி தாராளமாக இருக்கிறது. அளவு தப்பினால் வேருக்கு முன் தோல் வெந்து, கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர் ஆழமாகப் போவதால் கருத்த தோலுக்குப் பாதுகாப்பானது. எதுவானாலும் முதலில் ஓர் ஓரத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, தாடை முடிக்குப் பல சமயம் காரணம் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி. நல்ல டாக்டரின் முதல் கேள்வி, "மாதாமாதம் ஒழுங்கா வருதா?" மாடிப்படியில் முதல் கேள்வி, "கேஷா, கார்டா?"

லேபிள் இல்லாத சின்ன டப்பாவில் க்ரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டாக இருக்கலாம். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வரும். முடிகூட வளரும்! 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. கடையில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சீட்டு கேட்கிறார்கள் என்று.

பெரிய ஊர் என்பதும் உத்தரவாதமில்லை. 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு பையன் இறந்துபோனான். அவனே மருத்துவக் கல்லூரி மாணவன். யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் முடி நடப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய அளவுக்கு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தங்கை மகள் அந்த போர்டு டாக்டரிடமே போனாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை. நாலு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் லேசர். "முழுக்கப் போகாதும்மா, குறையும்" என்றாராம். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்றாள்.

அம்மா போட்ட ஒரே நிபந்தனை, இருட்டின பிறகு போக வேண்டும். ஏழு மணிக்கு முக்காடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். டோக்கன் பதினாலு. பதிமூன்றாம் டோக்கன், எதிர்வீட்டம்மா. அவரும் முக்காடு.